பக்கவாத்தியத்தின் செவி

ஆரணியில் பட்டுத்தறிகள் ஓடும் தெருக்களிலே வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தறியைப் பாராமலே, ஓசையைக் கொண்டு அதன் நிலையைச் சொல்லிவிடுவார்கள். நாடா தடையின்றி ஓடுகிறதா, ஊடையை நெருக்கும் அடி ஒரே அளவாக விழுகிறதா என்பதைத் திண்ணையில் அமர்ந்தவாறே மூத்த நெசவாளர் அறிந்துகொள்வார். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாகக் கோர்வைப் புடவை நெய்யும்போது, கரைக்குரிய நாடாவைத் தள்ளுவதற்கென்று இன்னொருவர் பக்கத்தில் அமர்ந்திருப்பதையும் கண்டிருக்கலாம். பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்ணாகவோ, வயதில் இளையவராகவோ இருப்பார். அவர் கை, நெய்பவரின் கைக்கு முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. புடவை விலைபோகும் இடத்தில் அவரைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் அப்படியொரு தறிவீட்டு இளைஞர் வயலின் பயின்று வருகிறார். பத்து ஆண்டுக்கால உழைப்பு அது. அண்மையில் ஒரு பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிக்க அவருக்கு அழைப்பு வந்தது. மகிழ்ச்சியோடு சொல்ல வந்திருக்கிறார் என்று எண்ணினேன். முகம் வாடியிருந்தது. “பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் கடைசிவரை பக்கத்திலேயே உட்கார வைத்துவிடுவார்கள், சார்” என்றார். அவருடைய உறவினர்களும் அதையே சொல்லுகிறார்களாம். வயலின் என்றால் தனியாக வாசிக்க வேண்டும். நியூயார்க்கில் பெரிய வாத்தியக் குழுவின் முன்னே நிற்க வேண்டும். இல்லையேல் சுபின் மேத்தாவைப் போல அக்குழுவையே ஆட்டிவைக்க வேண்டும். நடுவில் உள்ளவை எல்லாம் கூலி வேலை என்பது அவர்கள் கணக்கு.

அவருக்கு அன்று நான் சரியான விடை கூறவில்லை. இக்கட்டுரை அந்த விடைக்கான முயற்சி எனலாம்.

வயலின் நம் நாட்டுக்கு வந்த வரலாற்றை வாசகர்கள் அறிவர். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைப் பயின்று நம் இசைக்குப் பொருத்தினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் 1834-ல் யானைத்தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். ஐரோப்பியர் நின்றும் நாற்காலியில் அமர்ந்தும் மோவாய்க்குக் கீழே தாங்கி வாசித்ததை, நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டு வாசித்தார்கள். கருவியைப் பிடித்து நிறுத்தும் சுமை இடக்கைக்கு இல்லாமற் போகவே, விரல்கள் தந்தியின் மேல் தங்குதடையின்றி வழுக்கிச் செல்ல முடிந்தது. கமகம் அதனுள் புகுந்தது. இவ்வளவு செய்தும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அது பாட்டுக்குப் பக்கத்திலேதான் அமர்ந்திருந்தது.

அதனை நடுவிடத்துக்குக் கொணர்ந்தவர்களுள் முதல்வராக மதிக்கப்படுபவர் துவாரம் வெங்கடசாமி நாயுடு. 1893-ல் பிறந்த அவர், கண்பார்வை மங்கிய நிலையிலும் 26-ஆம் வயதில் விஜயநகரம் மகாராஜா இசைக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்து, பின்னர் அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றவர். அவருடைய முதல் தனிக் கச்சேரி 1938-ல் நம் வேலூரில் நிகழ்ந்ததென்று இசை வரலாற்றார் குறிப்பர். ஆரணிக்கும் வேலூருக்கும் எவ்வளவு தொலைவு என்பதை இப்பகுதி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அவருக்கு வயது 44-க்கு மேல். இந்த ஒன்றை அந்த இளைஞரின் உறவினர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

44 வயது வரையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? பாடம் சொன்னார், பிறருக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்தார். அந்த ஆண்டுகள் வீணாகவில்லை என்பதற்கு அவருடைய பதிவுகளே சான்று. நீண்ட வில் வீச்சு, மேனாட்டு வயலின் கலையையும் உற்றுக் கேட்டவருக்கே வரும் நாதத் தெளிவு ஆகியவற்றை எல்லோரும் புகழ்வர். என் செவிக்கு அவற்றினும் பெரிதாகப் படுவது, ஒரு சொற்றொடரை வாசித்துவிட்டு அவர் நிறுத்தும் இடம். பாடகர் மூச்சு விடும் இடத்தில் அவர் வில்லும் மூச்சு விடுகிறது. அங்கே பாடகர் எவரும் இல்லை. ஆயினும் பல ஆண்டுகள் கேட்ட பாடகர்களெல்லாம் அந்த வில்லினுள் இருக்கிறார்கள்.

பக்கவாத்தியம் என்பது யாது? பாடகர் ஆலாபனை தொடங்குகிறார். அடுத்த சங்கதி எது என்பது அவருக்கே உறுதியில்லை. வயலின்காரர் அரைக்கணம் பின்னால், நிழலைப் போல் அதைத் தொட்டுக்கொண்டு போகிறார். பிறகு அவருடைய முறை வரும்போது, கேட்டதைத் தம் வழியில் திருப்பிச் சொல்லுகிறார். அதற்குப் பாடகர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பகுதியே அவருக்குக் கிடைக்கும். எதை விடுவது, எதைக் கொள்வது என்று அந்தச் சிறு பொழுதில் முடிவு செய்தாக வேண்டும். இப்படித் திருப்பிச் சொல்வதிலே ஒரு விமர்சனமும் அடங்கியிருக்கிறது. பாடகரின் சங்கதியைச் சுருக்கினால் ‘இது மிகை’ என்று பொருள். ஒரு சுரத்தில் சற்றே கூடுதலாக நின்றால் ‘இங்கே தாங்கள் இன்னும் நின்றிருக்கலாம்’ என்று பொருள். வாய் திறவாமல், மரியாதை குறையாமல் செய்யும் விமர்சனம் அது. என்போன்ற கட்டுரைக்காரர்களுக்கு அது கைவருவதில்லை.

லால்குடி ஜயராமனும் (1930–2013) இவ்வழியே வந்தவர். பன்னிரண்டு வயதளவில் மேடையேறி, அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி. முதலானோருக்குப் பல ஆண்டுகள் வாசித்து, அவர்கள் பாணிகளையெல்லாம் உள்வாங்கிய பிறகே தம் பாணியை உலகுக்கு அளித்தார். 1965-ல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட யெஹூதி மெனுயின் தம் இத்தாலிய வயலினை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் வாசிப்பிலே பாட்டின் சொற்களே கேட்கின்றன என்று ரசிகர்கள் வியப்பர். சொற்களைப் பாடுபவரின் அருகில் அத்தனை காலம் அமர்ந்திருந்தவர்க்கு அது கூடியதில் வியப்பென்ன?

இனி வாத்தியக் குழுவை நடத்துபவரிடம் வருவோம். ‘நடத்துநர்’ என்றதும் பேருந்து நினைவுக்கு வருமாயின் அது என் குற்றமன்று. தமிழ் இன்னும் அவருக்கொரு நல்ல பெயரைத் தேடித் தரவில்லை. சுபின் மேத்தா 1936-ல் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். பம்பாய் சிம்பொனி வாத்தியக் குழுவை 1935-ல் நிறுவியவர். மருத்துவம் பயிலத் தொடங்கிய மகன் அதைக் கைவிட்டு, 1954-ல் வியன்னாவுக்குப் போனார். 1958-ல் லிவர்பூலில் நடந்த போட்டியில் வென்றார். 1962-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வாத்தியக் குழுவின் தலைமை. 1978 முதல் 1991 வரை நியூயார்க் குழுவின் தலைமை. இஸ்ரேல் குழுவோடு அரை நூற்றாண்டுத் தொடர்பு. 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ல், ஆழிப்பேரலை அழிவின் ஓராண்டு நினைவாக, சென்னை மியூசிக் அகாதெமியில் பவேரிய அரசு வாத்தியக் குழுவைக் கொண்டு இசை நிகழ்ச்சி நடத்தியவரும் அவரே. உறவினர்கள் எடுத்துக்காட்டுவது இந்தப் பட்டியலைத்தான்.

பட்டியலில் இடம்பெறாத ஒன்று உண்டு. வியன்னாவில் அவர் வாசிக்கக் கற்ற கருவி டபுள்பேஸ். ஆளுயரம் நிற்கும் அந்தப் பெருங்கருவி வாத்தியக் குழுவின் ஓரத்தில், மற்றெல்லா ஒலிகளுக்கும் அடியில் கிடப்பது. தனித்துப் புகழ் பெறுவது அரிதினும் அரிது. அதுமட்டுமன்று. பெரிய நடத்துநர்கள் ஒத்திகை பார்ப்பதைக் காண வெளியார்க்கு இசைவு கிடைக்காதபடியால், மேத்தாவும் அவருடைய உடன்மாணவர் கிளாடியோ அப்பாடோவும் அங்கிருந்த பாடற்குழுவில் சேர்ந்து, கனத்த குரலினரின் வரிசையில் நின்று பாடினார்கள். நூற்றுக்கு மேற்பட்டோரில் இருவராக நின்று பாடிக்கொண்டே, புரூனோ வால்டர், கராயன் போன்றோரின் கையசைவுகளைக் கண்ணாலும் செவியாலும் அள்ளிக்கொண்டார்கள். உலகப் புகழ் பெற்ற நடத்துநர் இருவர் உருவானது, பெயர் தெரியாத பாடகர் வரிசையில்.

நடத்துநர் தாமாக ஓர் ஒலியும் எழுப்புவதில்லை. எண்பது, தொண்ணூறு பேர் எழுப்புவதைக் கேட்டு, இரண்டாம் வரிசை வயலின் மிகுந்தால் அடக்கி, குழல் தாழ்ந்தால் உயர்த்தி, அடுத்த கணத்தை இந்தக் கணத்திலேயே கேட்கிறார். நம் பக்கவாத்தியக்காரர் ஒருவரைக் கேட்கிறார். அவர் பலரைக் கேட்கிறார். கோலைக் கையில் ஏந்தியவரை அதிகாரி என்றே நாம் பார்த்துப் பழகிவிட்டோம்.

அப்படியாயின் நம் தனிக் கலைஞரும் அந்த நடத்துநரும் ஒரே மேடையில் சந்தித்தபோது என்ன நிகழ்ந்தது? இதில்தான் எனக்குப் பலரோடும் கருத்து வேறுபாடு.

சிதார் மேதை ரவிசங்கர் சிதாருக்கும் மேனாட்டு வாத்தியக் குழுவுக்குமாகப் பெரும் படைப்புகள் அமைத்தார். முதலாவதை 1971-ல் ஆந்த்ரே பிரெவின் தலைமையில் இலண்டன் சிம்பொனி வாத்தியக் குழு இசைத்தது. ‘ராகமாலா’ என்னும் இரண்டாவதை 1981-ல் சுபின் மேத்தா நியூயார்க்கில் அரங்கேற்றினார். முதலாவது, கமாஜ், சிந்தி பைரவி, அடாணா, மாஞ்ச் கமாஜ் என்று நான்கு பகுதிகளாக நடப்பது. தபலாவுக்கு மாறாகப் பாங்கோ ஒலிக்கிறது. சிதார் ஒரு சொற்றொடரைச் சொல்லுகிறது. வயலின் வரிசை அதையே திருப்பிச் சொல்லுகிறது. பிறகு குழல் சொல்லுகிறது. கிழக்கும் மேற்கும் உரையாடுவதாக இதைப் பாராட்டினார்கள்.

உரையாடலா இது? வயலின் வரிசை திருப்பிச் சொன்ன விடை, பல நாட்களுக்கு முன்பே தாளில் எழுதப்பட்டுவிட்டது. அன்று மாலை சிதார் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், எவ்வளவு வறட்சியாகப் பேசினாலும் அந்த விடை மாறப்போவதில்லை. ராகத்தின் தன்மைக்குப் பகை என்று அஞ்சி, மேனாட்டாரின் பெருஞ்செல்வமாகிய பல்குரல் இணைவையும் ரவிசங்கர் பெரும்பாலும் விலக்கி வைத்தார். எஞ்சியது எதிரொலி. தந்தியை இழுத்தும் வழுக்கியும் சிதார் எழுப்பும் மீண்டுகளைப் பல வயலின்கள் ஒன்றுபோல எழுப்ப வேண்டுமாயின், அந்தப் பல பேரும் ஒரே வாயிலிருந்து பாடம் கேட்டிருக்க வேண்டும். சில நாள் ஒத்திகையில் தாளைப் பார்த்து வாசிப்பவர்க்கு அது இயலாது. அவர்கள் தேர்ச்சியில் குறையில்லை. குறை அவர்களிடம் கேட்கப்பட்ட வேலையில் இருந்தது.

‘ராகமாலா’ இதனினும் மேம்பட்டது என்பதை ஒப்புக்கொள்வேன். லலித், பைராகி, யமன் கல்யாண், மியான் மல்ஹார் என்று செல்லும் அப்படைப்பில், இறுதிப் பகுதியின் மழைக்குரிய ராகத்தில் குழுவின் திரண்ட ஒலி தன் பயனைக் காட்டுகிறது. ஆயினும் அதில் என்னை முழுமையாகப் பிடித்து நிறுத்தும் இடங்கள், சிதார் தனித்து, தன்போக்கில் விரியும் இடங்களே. அப்பொழுது எழுதிய தாள் வாய்மூடிக்கொள்கிறது. நடத்துநருக்கு எஞ்சுவது ஒரு ரசிகரின் வேலை. கேட்பதையே தொழிலாகக் கொண்ட மேத்தா அந்த வேலையையும் குறைவறச் செய்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

சென்னையில் 1947-ல் பிறந்து, தந்தையார் வி. லட்சுமிநாராயண ஐயர் இசை கற்பித்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சுப்பிரமணியம், 1985-ல் வேத ஒலிகளை அடியொற்றி அமைத்த படைப்பை நியூயார்க்கில் அதே மேத்தாவின் தலைமையில் வாசித்தார். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர் மேத்தா. முடித்துப் பட்டம் பெற்றபின் விட்டவர் சுப்பிரமணியம். இளமையில் பெரிய பாடகர்கள் பலருக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்த பழக்கம் இவருக்கு உண்டு. ஆகவே, குழுவைத் தம் சொற்களைத் திருப்பிச் சொல்லும் கிளியாக வைக்காமல், நிற்பதற்கொரு நிலமாக விரித்துக்கொண்டார். இது நேர்மையான தீர்வு என்பேன். ஆனால் நிலம் பேசாது. எண்பது கலைஞர்களைத் தம்புரா ஆக்கிவைப்பது எவ்வளவு காலத்துக்குச் செல்லும்?

தில்லி வானொலியில் 1952-ல் தோன்றிய வாத்திய விருந்தத்தை நடத்திய ரவிசங்கர், நம்மவர்களான டி.கே. ஜெயராமய்யர், வீணை ஈமனி சங்கர சாஸ்திரி ஆகியோரின் முயற்சிகளையும் இங்கே குறிப்பிடாமல் விடலாகாது. அது தனிக் கட்டுரைக்குரியது. தனிக் கலைஞரும் நடத்துநரும் ஒருவருக்குள்ளேயே குடியிருந்த முன்னோடிக்கு இப்போது போகிறேன்.

உஸ்தாத் அலாவுத்தீன் கான் இன்றைய வங்கதேசத்தின் பிராமன்பாரியா பகுதியிலுள்ள சிபுபூரில் பிறந்தவர். இசைக்காகச் சிறுவயதிலே வீட்டைத் துறந்து கல்கத்தாவை அடைந்தார். அங்கே ஹாபு தத்தரிடம் பல கருவிகளையும், லோபோ என்னும் கோவாக்காரரிடம் மேனாட்டு வயலினையும் கற்றார். நாடகக் கொட்டகையில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தார். பிறகு ராம்பூரில், தான்சேன் வழிவந்த வசீர் கானின் வாசலில் நெடுங்காலம் காத்துக் கிடந்தார். இடக்கையால் சரோத் வாசித்த இந்த மனிதரை மைஹர் மன்னர் பிரிஜ்நாத் சிங் தம் ஆசானாக ஏற்றுக்கொண்டார். இசை ஆகுமா, ஆகாதா என்னும் வழக்கை இக்கட்டுரையில் நான் எடுக்கவில்லை. தொழுகை தவறாத அவர், அவ்வூர்க் குன்றின் மேலுள்ள சாரதா தேவியையும் போற்றினார். அவரைப் பற்றிப் பிறர் வழக்காடிய பொழுதுகளில் அவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதுதான் செய்தி. 1918-ஐ ஒட்டிய கொள்ளைநோய்க் காலத்தில் பெற்றோரை இழந்து மைஹரில் திரிந்த ஏழைக் குழந்தைகளை மன்னர் ஆதரவில் திரட்டி, அவர்களைக் கொண்டு ஒரு வாத்தியக் குழுவை அமைத்தார் உஸ்தாத். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தாளால் என்ன பயன்? சிதார், சரோத், எஸ்ராஜ், வயலின், செல்லோ எல்லாவற்றையும் ஒரே வாய் சொல்லச் செவியால் கற்றார்கள். துப்பாக்கிக் குழல்களை வெவ்வேறு நீளத்தில் அறுத்து, ‘நள்தரங்கம்’ என்றொரு கருவியையும் உஸ்தாத் உருவாக்கினார். தோட்டா பாய்ந்த குழாயில் சுரம் பிறந்தது.

மைஹரிலும் உருப்படிகள் முன்கூட்டியே அமைந்தவைதாமே, அங்கே மட்டும் உரையாடல் எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவை சிறிய உருப்படிகள். கிழக்கும் மேற்கும் தழுவிக்கொண்டதாக அவை பறைசாற்றவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு வாழ்ந்த குழு அது. ஆகவே ஒரு மீண்டு எழுந்தால் வயலினும் எஸ்ராஜும் ஒரே வளைவில் வளைந்தன. எழுதப்பட்ட இசையா, எழுதப்படாத இசையா என்பதைவிட, வாசிப்பவர் ஒருவரையொருவர் கேட்கிறாரா என்பதே இங்கு வழக்கு.

அந்த முற்றத்திலிருந்துதான் அலி அக்பர் கானும், ரவிசங்கரும், நிகில் பானர்ஜியும் புறப்பட்டார்கள். அலி அக்பர் கான் 1955-ல் நியூயார்க்கில் வாசித்தார். 1967-ல் கலிபோர்னியாவில் இசைக் கல்லூரி கண்டார். உஸ்தாதின் மகள் அன்னபூர்ணா தேவி (1927–2018) அதே தந்தையிடம் அதே பாடம் கேட்டுச் சுர்பஹார் வாசித்தவர். இளவயதிலேயே மேடையை விட்டு விலகிய அவர், பின்னர்ப் பம்பாயில் தம் வீட்டுக் கதவுக்குள்ளே இருந்து பாடம் மட்டும் சொன்னார். நிகில் பானர்ஜியும் குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவும் அவரிடம் பயின்றவர்கள். சௌராசியாவுக்கு அவர் குழலை ஊதிக் காட்டவில்லை, பாடிக் காட்டினார். மேடைகளின் எண்ணிக்கையைக் கொண்டு வாழ்வை அளக்கும் கணக்கில் அவருக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? அவருடைய வாசிப்பின் பதிவுகள் மிகச் சிலவே. கோர்வைத் தறியில் இரண்டாவது நாடாவைத் தள்ளும் கையை நினைத்துக்கொள்கிறேன்.

பக்கத்துத் தெரு இளைஞர் அந்தக் கச்சேரிக்குப் போய்வந்தார். மறுநாள் மாலை வந்து, பாடகர் கல்யாணியில் எதிர்பாராத ஓரிடத்துக்குப் போய்விட்டதாகவும், தம் வில் தந்தியில் படாமலே நின்றுவிட்டதாகவும் சொன்னார். அந்த இடத்தைப் பாடிக் காட்டச் சொன்னேன். இருமுறை தவறி, மூன்றாம் முறை சரியாகப் பாடினார். அடுத்த மாதமும் அதே பாடகர் அழைத்திருக்கிறாராம். போவதா வேண்டாமா என்பதை இம்முறை அவர் என்னிடம் கேட்கவில்லை. போகும்போது துவாரத்தின் பழைய ஒலிப்பதிவொன்றை வாங்கிச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை.